வெயில் விழும் வீடு

"கண்ணை மூடிக்குங்க. மூடிட்டீங்களா? இப்போ கதவைத் திறந்து உள்ள வாங்க."

"செருப்பை எங்க விடறது?" என்று கேட்டார் கணவர், கண்ணை மூடியபடியே.

"இடது பக்கம் மர அலமாரி இருக்கு, அதுல. வழியில கழட்டிப் போட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

இல்லாத செருப்பை இல்லாத அலமாரியில் வைத்துவிட்டு அவர் உள்ளே போனார். உண்மையில் இருவரும் உட்கார்ந்திருந்தது அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே போட்ட மேசையில். அந்த ஒற்றை அறையின் ஒரே ஜன்னல், பக்கத்துக் கட்டடத்தின் சுவரையே ஐந்து வருஷமாக வெறித்துக்கொண்டிருந்தது. சுவருக்கே அலுத்துப் போயிருக்கும்.

சற்று முன்புதான் அவள் பரீட்சை முடிந்து வந்திருந்தாள். விரலில் இன்னும் பென்சில் கரி. ஆறு மணி நேரத்தில் ஒரு வீட்டை முழுசாக வரைந்து கொடுக்க வேண்டும். தேறினால் லைசென்ஸ். பிறந்த நாட்டில் பன்னிரண்டு வருஷம் ஆர்க்கிடெக்டாக இருந்து நாற்பது வீடு கட்டியவள்தான். இங்கே வந்ததிலிருந்து, அடுத்தவர் வரைந்த வீடுகளுக்குப் படிக்கட்டுக் கைப்பிடியும் கழிவறைக் கதவும் அளவு போட்டுக்கொண்டிருக்கிறாள். கையெழுத்துப் போடுவது வேறொருவர்.

இது மூன்றாவது முயற்சி. இதிலும் கோட்டை விட்டால் மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. "இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா போதும்ங்க, கைப்பிடியோடயே ரிட்டயர் ஆயிடறேன்" என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

"போன தடவை மாதிரி யோசிச்சு யோசிச்சு நேரத்தை விட்டுடலையே?" என்று மூடிய கண்ணோடு கேட்டார் அவர்.

"யோசிக்கவே இல்ல. குளிர்காலத்து வெயில் ஹால்ல நல்லா விழணும், அதுதான் முதல் நிபந்தனை. அது இல்லன்னா மத்ததைத் திருத்தவே மாட்டாங்க. பென்சிலை எடுத்தேன், கை தானா ஓடுச்சு. ஒரு மணி நேரம் மிச்சம்னா பாத்துக்குங்க! சரி, கண்ணைத் திறக்காதீங்க. ரெண்டு படி இறங்குங்க. இதான் ஹால்."

அவர் இறங்கினார். அவர் பஸ் டிரைவர். ஷிஃப்ட் முடிந்து வந்து கண்ணை மூடினால் குறட்டை விடுகிற ஜாதி. இன்று தூக்கம் வரவில்லை.

"தெற்குப் பக்கம் சுவரே கிடையாது. முழுக்க ஜன்னல், தரையிலேருந்து கூரை வரைக்கும். தெரியுதா?"

"தெரியுது. தரை கதகதன்னு இருக்கு."

"ஜன்னலை ஒட்டி நீளமா ஒரு கல் மேடை."

"அதுல கொஞ்சம் படுத்துக்கறேன்."

படுத்துக்கொண்டார். வெயில் முதலில் பாதத்தில் ஏறி, முழங்காலுக்கு வந்து, வயிற்றின் மேல் சோம்பலாகப் படர்ந்தது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"வலது பக்கம் சமையலறை. நடுவுல பாதிச் சுவர்தான். நீ அங்க நின்னுக்கிட்டே என்னைத் திட்டலாம்" என்றார்.

"அதை நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"மாடிப்படி ஏழாவது படியில திரும்பும். திரும்பற இடத்துல குட்டியா ஒரு வட்ட ஜன்னல்."

"எப்படிங்க?"

"எப்படின்னா? இது நம்ம வீடும்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான புதிதில் தங்களுக்கென்று அவளே வரைந்து கட்டிய வீடு. இங்கே கிளம்பும்போது யாருக்கோ விற்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்த வீடு. அதன் பேச்சை எடுப்பதில்லை என்று இரண்டு பேருமே சொல்லாமல் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"அட, ஆமாங்க! ஆறு மணி நேரமும் நான் அங்கதான் இருந்திருக்கேன்!" சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. "அதான் கை ஒரு இடத்துலகூட தடுமாறல. செருப்பு அலமாரியிலேருந்து வட்ட ஜன்னல் வரைக்கும் ஒண்ணையும் மாத்தாம அப்படியே வரைஞ்சிருக்கேன். பாஸ் பண்ணிடுவேங்க. அந்த வீட்டுக்கு இதுவரைக்கும் யாராவது ஒரு குறை சொல்லியிருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல."

அவர் இன்னும் கல் மேடையில்தான் இருந்தார். மஞ்சள் வெயில் கழுத்து வரை வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் முகத்தில் விழும் என்று காத்திருந்தவர், சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"என்னங்க, முகம் ஏன் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. அங்கேருந்து எழுந்து வர மனசே இல்ல."

அவள் அவர் தலையைக் கலைத்துவிட்டு, காபி போட எழுந்து போனாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக வாய்க்குள் ஏதோ பாட்டு. முடிவு வர ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமாவது இவள் இப்படிப் பாடிக்கொண்டிருக்கட்டும் என்று அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

தினமும் மதியம் பஸ்ஸை வடக்கே திருப்பியதும் கண் கூசி, முன்கண்ணாடி மறைப்பைக் கீழே இழுத்துவிடுகிறவர் அவர். பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். குளிர்காலத்தில் தெற்கு ஜன்னலை எட்டிக்கூடப் பார்க்காது.