எதிலை போறம்?

"ரெயினெண்டா காலை நீட்டிக்கொண்டு போகலாம்" என்றாள் பெற்றிசியா. "பேசாலை ஸ்ரேசனிலையே இறக்கிவிடும்."

"பஸ்தான் சரி. நேரை மன்னார்" என்றார் அவளுடைய புருஷன் கொன்ஸ்ரன்ரைன்.

கட்டுநாயக்கா விமான நிலைய வாசலில், மூன்று பெட்டிகளுக்கு நடுவில், வலன்ரைன் மாலையும் கழுத்துமாக நின்றான். இருபத்தாறு வருசம் கழித்துப் பாரிசிலிருந்து வந்து இறங்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதற்குள் அவனை எதில் ஏற்றுவது என்று அக்காவும் அத்தானும் பிடுங்குப்படத் தொடங்கிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவனுக்கென்று சொந்த ஊர் பேசாலையிலிருந்து பிடித்துவந்த வான் கண்ணெதிரே நின்றது. ஆனால் பெற்றிசியா வரும் வழியில் புத்தளத்தில் ஒருதரம், சிலாபத்தில் ஒருதரம் சத்தி எடுத்தவள். கொன்ஸ்ரன்ரைனுக்கு, வானுக்குள் சிகரட் பற்றவைக்கக் கூடாது என்று டிரைவர் தாவூது முகத்துக்கு நேரே சொல்லிவிட்ட கோபம்.

வலன்ரைனுக்கு வான்தான் வேண்டும். அதிலும் முன் சீட். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குள் ஊரை விட்டுப் போனபோது மீன்வள்ளத்தில், வலைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் சுருண்டு கிடந்து போனவன் அவன். இராமேஸ்வரம் போய்ச் சேரும்மட்டும் மீன் நாற்றத்தை மூக்கால் இழுத்துக்கொண்டு அன்றைக்கே ஒரு முடிவெடுத்தான்: திரும்பி வந்தால் பட்டப்பகலில், ஏசி வானில், கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைவது. ஏசி வானில் கண்ணாடியை ஏன் இறக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. ஊர் அவனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாரிஸ் உணவகத்தில் இத்தனை வருசம் கோப்பை கழுவியதெல்லாம் அந்தப் பத்து நிமிசத்துக்காகத்தான்.

"நான் வானெண்டு சொல்லித்தானே விட்டனான்" என்றான்.

"உனக்கென்ன, வயித்தைப் பிரட்டப்போறது எனக்கு" என்றாள் அக்கா.

அம்மா அருளம்மாவும் வந்திருந்தாள். மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வயிற்றில் கொஞ்சநேரம் கண்ணை நிறுத்திப் பெருமூச்சு விட்டாள். பிறகு அவனுடைய காலடியைப் பார்த்துக் கேட்டாள்.

"சப்பாத்து கடிக்காதோ மகன்?"

"இல்லையம்மா. பஞ்சு மாதிரி."

"எத்தினை கிழமை லீவு?"

"நாலு."

அம்மா விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்து, "காணும், அது போதும்" என்றாள். வலன்ரைனுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற இரண்டு பேரும் பயணத்தைப் பற்றி அடிபட, பெற்றவள் ஒருத்திதானே பிள்ளையைப் பற்றி யோசிக்கிறாள்.

கடைசியில் அக்காவுக்குப் பாதிப் பெட்டி நிறையச் சொக்லேற்றும், அத்தானுக்கு ஒரு போத்தலும் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு வானுக்கு எதிர்ப்பு இல்லாமல் போனது. தாவூது பெட்டிகளைத் தூக்கி ஏற்றினான். வலன்ரைன் மாலையைச் சரிசெய்துகொண்டு முன் கதவில் கை வைத்தான்.

"பொறு மகன்" என்றாள் அம்மா.

வந்து அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். "நீ வள்ளம் ஏறின அண்டைக்கு நான் கரையிலை முழங்காலிலை நிண்டு மடு மாதாவுக்கு ஒரு நேத்தி வைச்சனான். என்ர பிள்ளை உயிரோடை திரும்பி வரட்டும் தாயே, வந்தா நாட்டிலை கால் வைச்ச இடத்திலை இருந்து நேரை உம்மட்டைத்தான் வருவானெண்டு."

"அதுக்கென்னம்மா. மடு போற வழிதானே. இறங்கிக் கும்பிட்டிட்டு வீட்டை போவம்."

"அதிலை ஒரு பிழை நடந்து போச்சு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீ போன மாதிரியே வள்ளத்திலை வந்து எங்கட கரையிலைதான் இறங்குவாயெண்டு நினைச்சு வைச்ச நேத்தி. இப்பிடிக் கட்டுநாயக்காவிலை வந்து கால் வைப்பாயெண்டு ஆர் கண்டது?"

"எங்கை கால் வைச்சா என்ன? வான் நேரை மடுவுக்குத்தானே போகப்போகுது."

"வான் போகும்" என்றாள் அம்மா.

அத்தான் ஆகாயத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பிளேனை அக்கறையாகப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான், ரெலிபோனிலை சொல்லிவிடுவமெண்டு."

"சொன்னா வந்திருப்பானோ?" என்று கேட்டாள் அம்மா. "ரெண்டு கிழமை, மூண்டு கிழமை பிடிக்கும். மாதாவோடை வழக்குப் பேசேலாது."

வலன்ரைனுக்குப் பயணக் களைப்பில் ஒன்றும் பிடிபடவில்லை. அத்தானும் அக்காவும் பின்னால் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அம்மா அவனுடைய கையை முன் கதவிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, தானே ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினாள்.

"நட மகன். மடு மட்டுக்கும் நாங்கள் பின்னாலை வாறம்."