நான் எழுதிய பதிவு

நான் எழுதிய ஒரே ஒரு ஃபேஸ்புக் பதிவு, படூரில் ஒரு பதினெட்டு மாடிக் கம்பெனியையே கிடுகிடுக்க வைத்தது. பத்து லட்சம் பேர் படித்தார்கள். லிஃப்டுக்குள் ஒளிந்த மேனேஜர் ஒரு வாரம் வெளியே வரவில்லை.

டீக்கடையில் ராமானுஜம் சிரித்தார். "இன்னா பாய், குட்மார்னிங் அனுப்பவே பொண்ணைக் கூப்பிடுவ. நீ எழுதினியா?"

"கோவம் வந்தா விரல் தானா ஓடும்யா," என்றேன்.

நாலே நாளில் எங்கள் ஊரப்பாக்கமே நம்பிவிட்டது. என் மகள் ஆஸ்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவு வந்தது அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்தில். வேலை போனதும் அவளுக்குத்தான்.

"அத்தா, சும்மா கதை வுடாதீங்க," என்பாள்.

எட்டு மாதத்தில் பதினோரு கம்பெனிகளில் அவளுக்கு இன்டர்வியூ. அந்தப் பதிவுக்கு வந்ததும் எல்லாரும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். நேற்று பன்னிரண்டாவது. வீட்டிலிருந்தே வீடியோவில் இன்டர்வியூ.

"அந்தப் பதிவு நீங்க போட்டதுதானே?" என்று அதிகாரி கேட்டதும், காமிராவுக்கு முன்னால் என் தலையை நீட்டினேன்.

"நான் போட்டது சார். அவ தூங்கும்போது போனை எடுத்து எழுதிட்டேன். கெழவன் செஞ்ச கூத்து, மன்னிச்சுக்கங்க."

"அப்படியாம்மா?" என்றார் அவர்.

ஆஸ்மா என்னைப் பார்த்தாள்.

கரு கலைந்த மறுநாளே வேலைக்கு வரச் சொன்ன மேனேஜரைப் பற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஒவ்வொரு எழுத்தாக அவள்தான் தட்டினாள். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

"ஆமா சார்," என்றாள் மெதுவாக. "அத்தாதான் எழுதினாரு."