வெந்நீர் டம்ளர்

டப்பிங் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் குரலை மட்டும் கம்ப்யூட்டரில் பிடித்து வைத்துக்கொண்டதில் தயாரிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுக்குத் தொண்டை கட்டாது, லீவு கேக்காது, மணிக்கொரு தரம் வெந்நீர் கேக்காது!" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். கழுதைக்கென்ன தெரியும் கற்பூர வாசனை என்று சவுண்டு என்ஜினியர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதல் வாரம் குரல் கணீரென்று வந்தது. இரண்டாம் வாரம் கரகரத்தது. மூன்றாம் வாரம், கதாநாயகி அழும் காட்சியில் பாதி வசனத்தில் இருமியது.

"மெஷின் எதுக்குய்யா இருமுது? வெட்டித் தூக்கிப் போடு."

என்ஜினியர் வெட்டினார். மறுபடி ஓடவிட்டபோது இரண்டு தரம் இருமியது.

மறுநாள் காலை என்ஜினியர், மூன்று வாரமாகப் பூட்டிக்கிடந்த குரல் அறையைத் திறந்தார். பழைய வழக்கப்படி மைக் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்து, விளக்கை அணைத்து, பூட்டிவிட்டு வந்தார். அன்று முழுக்கக் குரலில் பிசிறே இல்லை.

"பாத்தியா? எதையுமே கேக்காம உழைக்குது!" என்றார் தயாரிப்பாளர்.

அக்கா ஒலிப்பதிவுக்கு நடுவில் வாய்விட்டுக் கேட்கமாட்டார். இன்னும் வெந்நீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்.

சாயங்காலம் என்ஜினியர் பூட்டைத் திறந்தார். டம்ளர் கவிழ்ந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.