ஒரு கட்டம் அதிகம்

“இது ரெண்டும் ஒண்ணுதான்” என்று கூட்டத்தில் என் இரண்டு வரைபடங்களின் மேலும் சிவப்புக் கோடு இழுத்தான் கத்தரி.

எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த வேலைக்கும் ஒரு வரைபடம் உண்டு. கட்டம், அம்பு, மறுபடி கட்டம். அறுநூற்றுக்கு மேல் சேர்ந்துபோய், எது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. குறைப்பதற்காக இவனைப் பிடித்து வந்தார்கள். வந்த நாளிலிருந்து வெட்டுவதும் ஒட்டுவதும்தான் வேலை. கத்தரி என்று பெயர் வைத்தது நான்.

குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. துணி வெளுக்கப் போடுவதற்கே ஏழெட்டு வரைபடம் இருந்தது. ஆனால் இன்று அவன் கை வைத்தது என் தொலைபேசிப் பிரிவில்.

நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனால் ஒரு வரைபடம். இறந்து, உடலை ஒப்படைத்தால் இன்னொன்று. பில் முடிப்பது, பொருட்களைத் திருப்பித் தருவது, கையெழுத்து வாங்குவது எல்லாம் இரண்டிலும் ஒன்றே. முதலாவதில் மட்டும் கடைசியாக ஒரு கட்டம் அதிகம்: சில நாள் கழித்து வீட்டுக்குப் போன் செய்து நலம் விசாரிப்பது.

சேர்த்துத் தொலையுங்கள், நடுவில் ‘உயிரோடு போனாரா’ என்று ஒரு கேள்விக் கட்டமாவது போடுங்கள் என்றேன்.

“கேள்வி கூடக் கூடப் படம் சிக்கலாயிடும் மேடம். போன் பண்றவங்க பாத்துப் பண்ணட்டும்.”

பார்த்துப் பண்ண வேண்டுமாம். என் பிரிவுப் பெண்களுக்குத் திரையில் தெரிவது நோயாளி பெயரும், வீட்டார் எண்ணும் உறவும் மட்டும்தான். நாளைக்குத் திட்டு வாங்கப்போவது அவர்கள், அழப்போவதும் அவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டத்தை நடத்திய நிர்வாகி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிரச்சினை வந்தால் அப்போது பார்க்கலாம் என்று, ஒப்புதல் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். இன்று காலையிலிருந்தே புதுப் படத்தில் சோதனை ஓட்டம் என்று கத்தரி ஏற்கெனவே உத்தரவும் போட்டிருந்தான்.

மேசை மேல் அவன் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி எண்.

“சோதனை ஓட்டம் பத்திதான். எல்லாருமே கேளுங்க” என்று ஸ்பீக்கரில் போட்டான். அவ்வளவு திமிர்.

“வணக்கம் சார். அம்மா வீட்டுக்கு வந்து நல்லா இருக்காங்களா? தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியா இருக்கா?”

என் பிரிவுப் பெண்தான். புதியவள். குரலில் அத்தனை கனிவு.

அவன் ஸ்பீக்கரை அணைக்கத் திரையைத் தடவினான்.

“லைன்ல இருக்கீங்களா சார்? அம்மாகிட்ட கொஞ்சம் குடுக்கறீங்களா?”

நிர்வாகி அம்மா பேனாவை மூடினார். அவன் எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு வெளியே போனான். போன் மேசை மேல் பேசிக்கொண்டே இருந்தது. நான் எட்டி அணைத்தேன்.

முதலில் யாருக்குப் போடுவது என்று காலையில் அந்தப் பெண் கேட்டபோது, திரையில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு பெயரின் மேல் விரல் வைத்து, கூட்டம் தொடங்கியதும் போடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம், இங்கேயே இறந்துபோன அவன் அம்மாவின் அடக்கத்தில், அவன் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதவளும் நான்தான்.