முதல் நத்தை

"எல்லாத்துக்கும் காரணம் இந்த அய்யாக்குட்டி தோட்டந்தான் டீச்சர்! முதல் நத்தைய அங்கனதான் பாத்தோம்!"

ஊர்க்காரர் நல்லதம்பி போட்ட சத்தத்தில் இலத்தூர் பள்ளிக்கூட மைதானமே திரும்பிப் பார்த்தது.

பயிரைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்க நத்தையை ஒழிப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கும் கூட்டம். பள்ளியின் பசுமைப் படைக்குப் பொறுப்பான உமா மகேஸ்வரி டீச்சர், கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு நத்தையை உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வெறுங்கையால தொடாதீங்க. முட்டை மண்ணுக்குள்ள இருக்கும், கிளறிப் பாருங்க" என்று அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? ஊருக்குத்தான் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டாரே.

"கேரளாவுலயிருந்து வாழைக்கன்னு வாங்கிப் போட்டிருப்பாரு. அதோட வந்திருக்கு" என்றார் ஒருவர்.

"ரெண்டு மாசமா அவரு கீரைய நாங்க யாரும் வாங்குததில்ல" என்றாள் ஒருத்தி, பெருமையாக.

அய்யாக்குட்டி கடைசி வரிசையில் நின்றார். முக்கால் ஏக்கர் கீரையும் பப்பாளியும்தான் அவருக்குச் சோறு.

"என்ன வே, வாயத் திறக்க மாட்டீரா?" என்றார் நல்லதம்பி.

அய்யாக்குட்டி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் நயமாகக் கேட்டார். "அண்ணாச்சி, ஊருக்காகத் தோட்டத்தை ஒரு தடவை சுத்தமா அழிச்சிருவோமா? முட்டையோட போயிரும்."

"அழிச்சிருங்க டீச்சர்."

மறுநாள் டிராக்டர் இறங்கியது. காய் பிடித்திருந்த பப்பாளி மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய, ஊர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. கைதட்டியவர்களும் உண்டு. நல்ல ஜனம்!

முட்டை ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, சாயங்காலம் டீச்சர் தனியாக வந்தார். அய்யாக்குட்டியின் மனைவி முத்துவடிவு உழுத மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப திருப்தியா டீச்சர்?"

"சும்மா இரு வடிவு" என்றார் அய்யாக்குட்டி.

"எத்தனை நாளு சும்மா இருக்க? வாழைக்கன்னு நாங்க வாங்கினதே இல்ல டீச்சர். போன வருசம் ஊருக்குக் குடுக்க நானூறு மரக்கன்னு இறக்குனீங்கள்லா? பள்ளிக்கூடத்துல தண்ணி இல்லன்னு பத்து நாளு எங்க கிணத்தடியிலதான வச்சிருந்தீங்க? மிஞ்சிக் கெடந்த கன்னுப் பையப் பிரிச்சா, மண்ணுக்குள்ள பூரா முட்டை. இவுக பாக்கதுக்குள்ள மத்த கன்னெல்லாம் வீடு வீடாப் போயிருச்சு."

டீச்சர் அய்யாக்குட்டி பக்கம் திரும்பினார். "ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"கன்னு கொண்டுபோயிக் குடுத்தது பிள்ளைக டீச்சர். வாசல் வாசலா என்னா சந்தோசமாப் போச்சுதுக! சொன்னா, இனி அதுக நீட்டுத கன்னை எவன் வாங்குவான்?"

டீச்சர் அழுதேவிட்டார்.

"பையப் பிரிச்சுப் பாக்காதது என் தப்பு அண்ணாச்சி. அடுத்த கூட்டத்துல மைக்குலயே சொல்லிருதேன். உங்க பேரைக் காப்பாத்த வேண்டியது என் பொறுப்பு."

முத்துவடிவு எழுந்துவந்து, முந்தானையால் டீச்சரின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த கூட்டம் சுரண்டையில் நடந்தது. மேடை முழுக்க அதிகாரிகள். டீச்சருக்குச் சால்வை போட்டார்கள். இலத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். முத்துவடிவும் வந்திருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"உங்க ஊருக்கு இந்த நத்தை எப்படி வந்துச்சு டீச்சர்?" சுரண்டைக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்.

டீச்சர் அதிகாரிகளைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்க்கவில்லை.

"எங்க ஊர்ல ஒருத்தரோட தோட்டத்துலயிருந்துதாங்க" என்றார்.