குக்கருக்குக் கிடைத்த லீவு

வீட்டுக்காரர்கள் நாலு நாள் மலையில் நிம்மதியாக இருந்துவிட்டு வரப் போகிறார்கள் என்று தெரிந்ததும் குக்கருக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷத்தில் அதற்கு இதுதான் முதல் லீவு.

"விசிலைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடக்கப் போகிறேன். பருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் தெரியும் சேதி!" என்றது மிக்ஸியிடம்.

"எனக்கு நாலு நாளும் மௌன விரதம்!" என்று மிக்ஸி கத்தியது. மேடையே அதிர இரண்டும் ஒரு குத்தாட்டம் போட்டன.

கிளம்பும் நேரத்தில் வீட்டம்மா மகேஸ்வரி சமையலறைக்குள் வந்தாள்.

"ஏங்க, வெளிச் சாப்பாடு நமக்கு ஒத்துக்காது. குக்கரை மட்டும் எடுத்துக்கறேன். ஒரு சாதம் வெச்சு, ஒரு ரசம் வெச்சுட்டா போதும்."

மிக்ஸி சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சுக் காட்டவில்லை. குக்கர் பைக்குள் போனது. உள்ளே கம்பளிக்கு அடியில் ஏதோ முணுமுணுத்தது.

"யாரது?"

"நான்தான், அலாரம் கடிகாரம். ஓய்வெடுக்க லேட்டாகிவிடக் கூடாதாம். தினமும் நாலு மணிக்கே எழுப்பச் சொல்லியிருக்கிறார்கள்."

குக்கருக்கு அடுப்பில் ஏறாமலே விசில் வந்துவிட்டது.