கைப்பிடி

“இந்தக் கைப்பிடி ஆடுமுங்களா தம்பி?”

பின் சீட்டை ஒட்டியிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார் வேலுமணி. ஸ்கூட்டரே குலுங்கியது. கம்பி அசையவில்லை.

“ஆடாதுங்ணா. கெட்டி இரும்பு” என்றான் ஷோரூம் விற்பனையாளன் தீனதயாளன்.

சங்ககிரியில் அவர்கள் ஏறி இறங்கிய மூன்றாவது ஷோரூம் அது. முதல் கடையில் சீட்டு குட்டை என்றார் வேலுமணி. அடுத்த கடையில் வண்டி ஒல்லி, எதிர்க்காற்றுக்குத் தாங்காது என்றார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை குறை சொல்ல மாட்டார்கள்.

மனைவி மைதிலிக்கு மூக்குக்கு மேல் கோபம். நாளைக்கு அவர் நாக்பூர் லோடுக்குக் கிளம்பிவிடுவார். போனால் அங்கங்கே லோடு மாற்றித் திரும்பிவர ஒரு மாதம். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இன்றைக்கு வண்டி எடுக்காவிட்டால், மகள் கிருத்திகா இந்த வருஷமும் பஸ் கூட்டத்தில் நசுங்கித்தான் போக வேண்டும்.

“மைலேஜு லிட்டருக்கு அம்பது தாராளமாக் குடுக்குமுங்ணா” என்று ஆரம்பித்தான் தீனதயாளன்.

“அத வுடுங்க. எம்பட லாரி நாலு கிலோமீட்டருதான் குடுக்குது.”

“லாரி ஓட்டறீங்களாண்ணா?”

“பதினாலு சக்கரமுங்க. இருவது வருசமா வடக்க போயிட்டு வாரேன்.”

தீனதயாளன் முகத்தில் மரியாதை கூடியது. “அப்பறமென்னங்ணா? உங்களுக்கு இதெல்லாம் வெளையாட்டுச் சாமான்!”

வேலுமணி குனிந்து, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டை மடக்கி விரித்துப் பார்த்தார்.

“ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்குனா, பின்னாடி இருக்கறவங்களத் தூக்கிப் போடுமா?”

“போடாதுங்ணா.”

“சீட்டு வழுக்குமா?”

“வழுக்காதுங்ணா.” தீனதயாளன் நெகிழ்ந்தே போனான். மைதிலி பக்கம் திரும்பினான். “எல்லாரும் கலரு கேப்பாங்க, மைலேஜு கேப்பாங்க. பின்னாடி உக்கார்றவங்களப் பத்தி இப்படிக் கேட்ட ஒரே ஆளு அண்ணன்தானுங்க. நீங்க குடுத்து வெச்சவங்கக்கா!”

மைதிலி சட்டென்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டான் அவன்.

கிருத்திகா வண்டியின் முன்பக்கம் ஏறி நின்று ஹாரனை அடித்தாள். “அப்பா, இதுல மேட்டூர் டேம் பார்க்குக்குப் போலாம்ப்பா! மூணு பேரும்!”

“போலாஞ் சாமி. எல்லாஞ் செரியா இருந்தா...” என்று இழுத்தார் வேலுமணி.

“ஏனுங்க, இன்னும் என்னங்க செரியா இருக்கோணும்?” மைதிலியின் குரல் உயர்ந்தது. “நொட்டை சொல்லிச் சொல்லியே ரெண்டு வருசத்த ஓட்டிப்போட்டீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

வேலுமணி தலையைக் குனிந்துகொண்டார். ஷோரூம் ஏசியிலும் அவருக்கு நெற்றி வியர்த்தது.

சண்டை வந்து வியாபாரம் கெட்டுவிடுமோ என்று தீனதயாளனுக்குப் பயம். ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்தான்.

“எதுக்குங்க்கா கோவம்? அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரட்டும். அப்பறம் அவரே எடுத்துக்குவாரு. லைசென்ஸ் மட்டும் காட்டுங்ணா.”

வேலுமணி சட்டைப் பையைத் தடவினார். சாவியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“இங்க குடுங்க தம்பி” என்று சாவியை வாங்கிக்கொண்டாள் மைதிலி. கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “சாமி, நீ இங்கயே இரு. ஒரு நிமிசத்துல வந்தர்றோம்.”

ஓட்டிப் பார்ப்பதற்கென்று வெளியே நின்ற ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். வேலுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்த வாய் மூடாமல் நின்ற தீனதயாளனிடம், “எங்கப்பாவுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராதுங்ணா” என்றாள் கிருத்திகா.

ஸ்கூட்டர் ரோட்டில் இறங்கியது. அங்கிருந்து வேலுமணியின் அலறல் கேட்டது: “மைதிலி, இதையே எடுத்துக்கலாம்! மொதல்ல வண்டிய நிறுத்து சாமி!”